புதுக் கருவி வீட்டுக்கும் கடைக்கும் வரும்போது: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் 14 வருடமாகக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர், பில்லிங் மெஷின், கேமரா, இன்வெர்ட்டர் பொருத்திக் கொடுத்து வருகிறேன். வேலை முடிந்து ஒயரைச் சுருட்டிப் பையில் போடும் நேரத்தில்தான் மனசில் இருக்கும் கேள்வி வெளியே வரும். "தம்பி, ஒரு நிமிஷம், இதையும் பார்த்துட்டுப் போயேன்" என்று கடைக்காரரோ வீட்டு அம்மாவோ கூப்பிடுவார்கள். அப்படி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்கள் எல்லாம் எனக்கு அனுபவத்தில் பட்டவை.

புதிதாக ஒரு சாமான் வாங்கலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது?

விலையை அப்புறம் பாருங்கள். முதலில், அது யார் கையில் புழங்கப்போகிறது என்று பாருங்கள். வாங்குகிறவர் ஒருவர், புழங்குகிறவர் இன்னொருவர் என்று இருக்கும் வீடுகளில்தான் சாமான் மூலைக்குப் போகிறது.

சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் பெங்களூரில் இருக்கும் மகன் முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் வாங்கி அனுப்பியிருந்தார். நல்ல மெஷின். ஆனால் அந்த வீட்டு மொட்டைமாடித் தொட்டி குழாய்க்கு மேலே நாலைந்து அடி உயரத்தில்தான் இருந்தது. தண்ணீர் நூல் மாதிரி வந்தது. மெஷின் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு எழுத்தையும் எண்ணையும் காட்டி நின்றுவிடும். அந்த அம்மா தான்தான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டதாக நினைத்து மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மேலே பழைய புடவையைப் போர்த்தி, அதன்மேல் துவைத்த துணியை மடித்து வைத்திருந்தார். துவைத்தது கையால்.

இதில் யார்மேலும் குற்றம் இல்லை. ஆனால் வாங்கும் முன்பு ஒரு போன் போட்டு, "அம்மா, குழாயைத் திறந்தால் ஒரு பக்கெட் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகுது?" என்று கேட்டிருந்தால் போதும். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதையும் சேர்த்து யோசித்திருக்கலாம். கடைசியில் தண்ணீர் அழுத்தத்துக்கு ஒரு சின்ன மோட்டார் வைத்து, மெஷின்மேல் எந்தப் பொத்தான் எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டினேன். இப்போது ஓடுகிறது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார்? வேலூரிலேயே ஆள் இருக்கிறாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா? இதற்குக் கடைக்காரர் நேராகப் பதில் சொல்லவில்லை என்றால் வேறு கம்பெனி சாமானைப் பாருங்கள்.

அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் மறந்துவிடுகிறார். என்ன செய்வது?

மறதி பாதிக் காரணம்கூட இல்லை. நாம் சொல்லிக் கொடுக்கும் விதம்தான் காரணம். "இங்க குடும்மா" என்று போனை அவர் கையிலிருந்து வாங்கி, நாலு தட்டுத் தட்டி, "இவ்ளோதான்" என்று திருப்பிக் கொடுக்கிறோம். அவர் பார்த்தது நம் விரல் ஓடியதை மட்டும்தான். போன் எப்போதும் கற்றுக்கொள்கிறவர் கையிலேயே இருக்க வேண்டும். நீங்கள் வாயால் மட்டும் சொல்லுங்கள். தப்பாகப் போனால் போகட்டும், பின்னால் வரும் வழியையும் அவரே கண்டுபிடிக்கட்டும்.

என் அம்மாவிடம் கண்ட ஒரு விஷயம். அவர் தொட்டாலே படங்கள் ஆடத் தொடங்கும், இடம் மாறும், சில சமயம் ஆப்பே அழிந்துவிடும். "பேய் புடிச்ச போனு" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து விரலைக் கவனித்தேன். அவர் தட்டவில்லை. காலிங் பெல் அழுத்துவதுபோல அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். போனுக்கு அது வேறு கட்டளை. செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பகுதியில், எவ்வளவு நேரம் அழுத்தினால் அழுத்திப் பிடித்ததாகக் கணக்கு என்பதை நீளமாக மாற்றலாம். மாற்றினேன். அன்றைக்கே பேய் போய்விட்டது. விரல் காய்ந்து சொரசொரப்பாக இருந்தாலும் திரை ஏற்காது. சமையல் வேலை, பீடி சுற்றும் வேலை செய்கிறவர்கள் விரலில் இது அதிகம். கையைக் கழுவி லேசாகத் துடைத்துவிட்டுத் தொட்டால் சரியாகும்.

எழுத்தைப் பெரிதாக்குங்கள், மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள், முதல் பக்கத்தில் நாலு படத்துக்கு மேல் வைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு வேலை போதும். முதல் வாரம் வீடியோ கால் எடுப்பது மட்டும். அவரே ஒரு நோட்டில் தன் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். என் அம்மா நோட்டில் "பச்சை ரவுண்டைத் தள்ளு, தட்டாதே" என்று இருக்கிறது. அதைவிடத் தெளிவாக எந்தக் கம்பெனியும் எழுதியதில்லை.

யுபிஐ பயமாக இருக்கிறது. உண்மையிலேயே பாதுகாப்பானதா?

2016-ல் வந்தது. இன்றைக்கு நேதாஜி மார்க்கெட்டில் கீரைக் கட்டுக்கும் அதில் பணம் போகிறது. ஏமாற்றுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஏற்பாட்டை உடைத்து உள்ளே வருவதில்லை. நம்மையே பட்டனை அழுத்த வைக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள்: பின் நம்பர் போட்டால் பணம் வெளியே போகும். உள்ளே வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. கியூஆர் ஸ்கேன் செய்வதும் பணம் கொடுப்பதற்குத்தான். "உங்களுக்குப் பரிசு வந்திருக்கு, ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் அவர் திருடர்.

போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து, "உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள், வீட்டை விட்டு நகராதீர்கள்" என்று மிரட்டுகிறார்கள். டிஜிட்டல் கைது என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. போனைக் கட் செய்யுங்கள். அவர்கள் அனுப்பும் எந்த ஆப்பையும் இறக்காதீர்கள். சில ஆப்கள் நம் திரையை அப்படியே அவர்களுக்குக் காட்டிவிடும்.

கடைக்காரர்களுக்கு வேறு தொல்லை: வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட். அதைப் பார்த்துச் சரக்கைக் கொடுக்காதீர்கள். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். கண் மங்கிய பெரியவர்கள் உட்காரும் கல்லாவில் அந்தப் பெட்டி பெரிய ஆறுதல். ராத்திரி கடை மூடும்போது கியூஆர் அட்டையைத் தடவிப் பார்ப்பதும் நல்லது. மேலே வேறொருவருடைய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

அப்பாவிடம் பட்டன் போன்தான். அவருக்கு வழி இல்லையா?

இருக்கிறது. யுபிஐ 123பே என்ற வசதி 2022-ல் வந்தது. இணையம் இல்லாமல் சாதாரண போனிலிருந்தே பணம் அனுப்பலாம். அப்பாவிடம் ஸ்மார்ட்போன் இருந்து, வங்கிக் கணக்கை இணைக்க மட்டும் பயந்தால் யுபிஐ சர்க்கிள் பாருங்கள். 2024-ல் வந்தது. உங்கள் கணக்கிலிருந்து அவர் செலவு செய்யலாம். ஒவ்வொரு முறையும் நீங்கள் சம்மதம் தரும்படியும் வைக்கலாம், மாதம் 15,000 ரூபாய் வரை அவர் பாட்டுக்குச் செலவு செய்யும்படியும் வைக்கலாம்.

பணம் போய்விட்டது, அல்லது போனே தொலைந்துவிட்டது. முதலில் என்ன?

பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் நிறுத்தினால்தான் உண்டு. அழுதுகொண்டே நேரத்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் தெரிந்தால் திட்டுவார்கள் என்று மறைத்ததுதான் காரணம். தயவுசெய்து வீட்டில் யாரையும் அதற்காகத் திட்டாதீர்கள்.

போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்கச் சொல்லுங்கள், பிறகு வங்கிக்குச் சொல்லுங்கள். போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். அதற்கு ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் வேண்டும். போன் கையில் இருக்கும்போதே *#06# அழுத்தி அந்த எண்ணை ரேஷன் கார்டு வைக்கும் பையில் எழுதிப் போட்டு வையுங்கள்.

ஆன்லைன் படிவத்தில் என் பெயரே ஒத்துப்போகவில்லை என்கிறது. ஏன்?

நம் இனிஷியல்தான் காரணம். படிவம் செய்தவர்கள் எல்லோருக்கும் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். ஆதாரில் "எஸ் முருகன்" என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியலை ஏற்பதில்லை, அப்பா பெயரை விரித்து எழுத வேண்டும், அதனால் "முருகன் சுப்பிரமணி". பள்ளிச் சான்றிதழில் "முருகன்.எஸ்". கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர்.

சரி, எதை எதற்கு மாற்றுவது? பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரையே அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கு இழுப்பது நல்லது. அந்தச் சான்றிதழை மாற்றுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ஆறாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வாரமே எல்லா அட்டையையும் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள்.

மாவட்டப் பெயரிலும் இதே கதை. வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-ல் வேலூர் மூன்றாகி ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்தன. வாலாஜாவில் இருக்கும் ஒருவர் வீட்டைவிட்டு நகராமலே இதையெல்லாம் கடந்து வந்திருக்கிறார். ஆனால் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் சில தளங்கள் இன்னும் பழைய மாவட்டத்தைத்தான் காட்டுகின்றன. இப்போதைய மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் போடச் சொல்லுங்கள்.

மளிகைக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட வேண்டும். பழைய கணக்குப்பிள்ளை வேண்டாம் என்கிறார். எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்காதீர்கள், கேளுங்கள். ஏன் வேண்டாம் என்கிறார்?

லாங் பஜாரில் ஒரு கடை. 28 வருடமாக நோட்டு எழுதுகிற பெரியவர். "மெஷின் நல்லாத்தான் இருக்கும்பா, ஆனா அதுக்கு நம்ம கடை தெரியாதே" என்றார். உட்கார்ந்து கேட்டேன். ஒரே பொன்னி அரிசி மூன்று மண்டியிலிருந்து வருகிறது, மூன்றுக்கும் வேறு வேறு ஈரம், வேறு வேறு கழிவு. ஒரு ஓட்டல்காரர் வாரக் கடைசியில்தான் கொடுப்பார், ஆனால் ஆடி மாதத்தில் தள்ளிப் போகும். ஒரு விதவை அம்மாவுக்கு எண்ணெய்யில் இரண்டு ரூபாய் குறைத்துப் போடுவது முதலாளியின் அப்பா காலத்து வழக்கம். இது எதுவுமே எங்கள் சாஃப்ட்வேரில் இல்லை. அவர் சொல்வதைக் கேட்காமல் போட்டிருந்தால் ஒரு மாதத்தில் கடையே குழம்பியிருக்கும்.

அதனால் சரக்குப் பெயர்களை அவரையே சொல்லச் சொல்லி, அவர் சொன்ன சுருக்கப் பெயரிலேயே ஏற்றினேன். "குண்டு மிளகாய் பழசு" என்றால் அப்படியேதான். ஒரு மாதம் நோட்டும் மெஷினும் கூடவே ஓடின. ராத்திரி இரண்டையும் ஒத்துப் பார்த்தோம். முதல் வாரம் தினமும் வித்தியாசம் வந்தது. அதில் பாதி மெஷினில் தப்பாக ஏற்றிய ஆரம்ப இருப்பு, ஒன்றிரண்டு நோட்டில் விட்டுப்போனவை. நோட்டில் விட்டதை அவரே கண்டுபிடித்த அன்று, "சரி, இருக்கட்டும்" என்றார். இப்போது விலை மாற்றுவது, கடன் வரம்பு வைப்பது எல்லாம் அவர் கையில்தான். பில் போடும் பையன் வேறு.

புது மெஷின் வந்ததும் பழைய ஆளுடைய இடம் குறையக்கூடாது. அவருக்குத் தெரிந்தது மெஷினுக்குள் போக வேண்டும், அதன்மேல் அதிகாரம் அவரிடம் இருக்க வேண்டும். இதைச் செய்யாத முதலாளிகள் ஆறு மாதத்தில் மறுபடி நோட்டுக்குத் திரும்பியதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேக்கப் அவசியமா?

இதை நான் வலியோடுதான் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு துணிக்கடைக்குப் போட்டுக் கொடுத்தேன். பேக்கப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனே தவிர, பழக்கிவிடவில்லை. சித்திரை மாதம், கம்ப்யூட்டர் வைத்த இடம் தகரக் கூரைக்குக் கீழே. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. நாலு மாதக் கணக்கு, ஊர்க்காரர்கள் கடன் உட்பட. அந்த முதலாளி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மனைவியும் மகளுமாகப் பழைய பில் கட்டுகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்து, தீபாவளி வரை மறுபடி ஏற்றினார்கள்.

அன்றிலிருந்து என் வழக்கம்: இரண்டு பென்டிரைவ், ஒன்று கடையில், ஒன்று முதலாளி வீட்டில். சனிக்கிழமை ராத்திரி மாற்றிக்கொள்ள வேண்டும். கூடவே இணையத்திலும் ஒரு பிரதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி இருந்தும் பயன் இல்லை.

ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ அப்பர் தைக்கும் யூனிட்டுகளில் சர்வோ மோட்டாருக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

மாறலாம். பழைய கிளட்ச் மோட்டார் ஸ்விட்ச் போட்டது முதல் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், தைத்தாலும் தைக்காவிட்டாலும் கரண்ட் இழுக்கும். சர்வோ, பெடலை மிதித்தால் மட்டும்தான் ஓடும். மின் கட்டணம் குறையும், யூனிட்டில் இரைச்சலும் குறையும், வேகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பதால் புதிதாகத் தைக்க வருகிற பெண்களுக்கும் பழகச் சுலபம்.

ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது, விற்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. பழைய மோட்டாரின் அந்த உறுமல்தான் 'மெஷின் உயிரோடு இருக்கிறது' என்று இத்தனை வருடம் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. சர்வோ மௌனமாக நிற்கும். ஆஃப் ஆகி இருக்கிறது என்று நினைத்து ஊசியில் நூல் கோக்கக் குனிவார்கள், கால் பெடலில் பட்டுவிடும். விரலில் ஊசி இறங்கியதை நான் ஒரு யூனிட்டில் பார்த்தேன், தோலுக்குப் போடும் ஊசி. மாற்றும் அன்றைக்கே எல்லோரையும் கூப்பிட்டு, நூல் கோக்கும்முன் ஸ்விட்சை அணைப்பதை ஒரு வாரம் விடாமல் பழக்குங்கள். ஸ்விட்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மேசைக்குக் கீழே பின்பக்கம் இருந்தால் யாரும் அணைக்கமாட்டார்கள்.

வேலூர் வெயிலுக்கு பிஎல்டிசி ஃபேன், சோலார் எல்லாம் தாங்குமா?

ஃபேனில் கணக்கு எளிது. பழைய ஃபேன் சுமார் 75 வாட், பிஎல்டிசி சுமார் 30. நம் ஊரில் ஃபேன் தினமும் 15 மணி நேரம் ஓடாத வீடு ஏது? 60 நாளுக்குப் பார்த்தால் ஒரு ஃபேனுக்கு ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம். யூனிட் கூடக்கூட வீதமும் கூடுவதால் மூன்று ஃபேன் மாற்றினால் பில்லில் நன்றாகத் தெரியும். குறை என்னவென்றால், பழைய ஃபேனுக்குக் கண்டென்சர் மாற்றவும் காயில் கட்டவும் தெருமுனையில் ஆள் உண்டு. இதற்குள் இருக்கும் போர்டு போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வாரண்டி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

சோலார் பற்றி: ஒரு கிலோவாட் பேனல் நல்ல நாளில் 4 யூனிட் அளவு தரும், நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். வேலூர் வெயிலுக்குக் கொட்டும் என்று நினைக்கிறார்கள். பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. பேனல் 25 டிகிரிக்கு மேலே சூடாகச் சூடாக விளைச்சல் குறையும். கத்திரி வெயிலில் பேனலின் மேல்புறம் 65 டிகிரிக்குப் போனால் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்று அடியில் புகுந்து போகும்படி உயரமாக ஸ்டாண்டு போடச் சொல்லுங்கள். வடாம் காயவைக்கவும் மாடி மிஞ்சும்.

பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். "இவ்ளோ செலவு பண்ணியும் இருட்டா?" என்று பலர் கோபப்படுகிறார்கள். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன்மேல் உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பில் என் பாத்திரம் ஏன் சூடாகவில்லை?

அடியில் காந்தம் ஒட்டினால் சூடாகும், ஒட்டாவிட்டால் ஆகாது. அலுமினியம், பித்தளை, மண்சட்டி ஆகாது. ஒரு சின்னக் காந்தத்தோடு பாத்திரக் கடைக்குப் போங்கள். அப்புறம், ஃபேன் போடும் சின்னப் பிளக்கில் இதைச் சொருகாதீர்கள்.

அணைக்கட்டு ஊர்ப் பக்கம் நிலம். மொபைல் ஸ்டார்ட்டர் போடலாமா?

கட்டாயம். வீட்டில் இருந்தபடியே போனில் பம்ப் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். மூன்று பேஸ் கரண்ட் நடு ராத்திரியில் வந்தால், டார்ச்சும் கையுமாகப் பாம்புக்குப் பயந்து வரப்பில் போகிற வேலை மிச்சம். இலவம்பாடி முள் கத்தரிக்காய்த் தோட்டத்துக்கு ஒன்று பொருத்தினேன். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காய். ஒரு பேஸ் இல்லாவிட்டாலும், போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் சும்மா ஓடினாலும் தானே நிறுத்திக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். காயில் கருகிப்போனால் ஆகும் செலவை நினைத்தால் அந்தக் கூடுதல் விலை ஒன்றுமில்லை.

பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிட்டால் மட்டும் மோட்டார் ஓடும்படி வையுங்கள். உள்ளே இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் மறக்காதீர்கள். ரொம்ப முக்கியம்: கிணற்றிலோ மோட்டாரிலோ யாராவது வேலை செய்யும்போது ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கி அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மகனுக்கு அப்பா கிணற்றுக்குள் இருப்பது தெரியாது.

லாட்ஜ், மருந்துக்கடை வைத்திருக்கிறோம். வங்காளம், வடகிழக்கிலிருந்து வருகிறவர்களிடம் பேச மொழிபெயர்ப்பு ஆப் நம்பலாமா?

சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்தில் பலகை வைக்காத கடை குறைவு. பல பேருக்கு வங்காளம் தானாகவே வந்துவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு ஆப் உதவும். அறை வாடகை, வெந்நீர், ஆட்டோ என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நம் பேச்சுத் தமிழில் "ரெண்டு வேள போட்டுக்கணும்" என்று சொன்னால் அது தடுமாறும். "தினமும் இரண்டு முறை சாப்பிட வேண்டும்" என்று எழுத்துத் தமிழில், சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். வந்த மொழிபெயர்ப்பை மறுபடி தமிழுக்குத் திருப்பிப் பாருங்கள். மருந்து அளவை மட்டும் ஆப்பிடம் விடாதீர்கள். அட்டையில் சூரியன், நிலா வரைந்து பக்கத்தில் எண்ணை எழுதுங்கள். உடம்பு முடியாமல், ஊர் தெரியாமல் ஆயிரம் மைல் தாண்டி வந்தவர்கள் அவர்கள்.

டிடிபி வேலைக்குத் தமிழ் டைப்பிங் எது கற்கலாம்?

தமிழ்99. 1999-ல் அரசு ஏற்ற விசைப்பலகை. உயிரெழுத்து இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும்: அ, ம, ம, ஆ என்று நாலு தட்டில் 'அம்மா'. பத்து நாளில் கை பழகிவிடும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு வேறு கம்ப்யூட்டரில் கோணல் மாணலாகத் தெரியும், அதனால் எதையும் யூனிகோடில் சேமியுங்கள். 2010-லேயே அரசும் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது.

ஏஐ வந்தால் எங்கள் வேலை போய்விடுமா?

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு தம்பி கேட்டார். வெறும் தட்டச்சு மட்டும் செய்கிறவருக்கு வேலை குறையும், அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சரிபார்க்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு குறள் கொடு என்று கேட்டுப் பாருங்கள். சில சமயம் இல்லாத குறளை எண்ணோடு தரும். சீர் உதைக்கிறதே என்று காதில் படுகிறவருக்குத்தான் அது தெரியும். அந்தக் காதை வளர்த்துக்கொள்ளுங்கள், ஏஐயை எடுபிடியாக வைத்துக்கொள்ளுங்கள். எதை அடித்தாலும் அச்சுக்குப் போகும்முன் புத்தகத்தைத் திறந்து 1330-க்குள் அந்தக் குறள் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவ ரிப்போர்ட்டைப் போட்டு என்னவென்று கேட்கலாம், ஆனால் அதை வைத்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

கடையில் கேமரா வைக்கப்போகிறேன். கவனிக்க வேண்டியது?

வேலை செய்கிறவர்களிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். பெண்கள் சாப்பிடும், உடை மாற்றும் இடத்தில் வைக்கச் சொன்னால் நான் வைப்பதில்லை. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். இவ்வளவுதான்.

பழைய போனை என்ன செய்வது?

விற்கும் முன்பு வங்கி, யுபிஐ ஆப்களிலிருந்து வெளியே வந்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்து, முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள். பழைய எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்பாவின் பென்ஷன் கணக்கு அந்த எண்ணில்தான் இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதத்தில் எண் வேறொருவருக்குப் போய்விடும், ஓடிபியும் அவருக்குத்தான் போகும். பின்பக்க மூடி உப்பிக்கொண்டு நின்றால் பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். அதைக் குத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். ஒரு மண்சட்டியில் வைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, போன் ரிப்பேர் செய்கிறவரிடம் மறுநாளே கொண்டுபோய்க் கொடுங்கள்.